எட்டாங்கிளாஸ் சிநேகிதன்

"இன்னா மச்சான், என்னைத் தெரியலியா? மூஞ்சிய நல்லாப் பார்த்துச் சொல்லு!"

வாசலில் நின்றவரை ராமதாஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பேன்ட், சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அடுப்பங்கரையிலிருந்து சந்திரம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"அவர ஒண்ணும் கேக்காதீங்கண்ணே. ஆக்சிடென்ட்ல தலையில அடி. எதுவும் நெனப்புல நிக்க மாட்டேங்குது. கட்டின பொண்டாட்டி நானு, காலையில இருந்து மூணு வாட்டி என் பேரைக் கேட்டுட்டாரு."

பூஞ்சேரி கூட்ரோட்டில் வேன் மோதி ஒன்றரை வருடமாகிறது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் முழுக்க ராமதாஸைத் தெரியும், நல்ல வயர்மேன். இப்போது மெயினை அணைத்தோமா இல்லையா என்பதே மறந்துவிடுகிறது. அப்படிப்பட்டவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? தினமும் நான்கு தடவை பல் விளக்கினார். தபால்காரர் தெருவுக்குள் போகும்போதும் "எப்ப வந்தே?" என்று கேட்டார், திரும்பி வரும்போதும் கேட்டார்.

நஷ்டஈட்டுக் கேஸ் செங்கல்பட்டு கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. ஆள் பார்வைக்குத் திடகாத்திரமாக இருந்ததுதான் வம்பு. தழும்பைக் கூட முடி மூடிவிட்டது. 'எல்லாம் நடிப்பு' என்று இன்ஷூரன்ஸ் தரப்பு அடித்துப் பேசியது.

"நான்தான் மச்சான், கேசவன். எட்டாங்கிளாஸ்..." என்று இழுத்தார் வந்தவர்.

ராமதாஸின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "டேய், சோடாபுட்டி கேசவா! கண்ணாடி எங்கடா?"

"அதுவா... இப்ப போடறதில்ல."

"கணக்கு வாத்தியாரு ஸ்கேலை ஒளிச்சு வெச்சிட்டு ரெண்டு பேரும் வெயில்ல முட்டி போட்டுகினு இருந்தோமே! கொளவாய் ஏரியில நீ வழுக்கி வுழுந்தப்போ நான்தானே உன் டிராயரைப் புடிச்சு இழுத்தேன்? டிராயர் மட்டும் என் கையில வந்துச்சு, நீ தண்ணியிலயே நின்னுகினு அழுதே!"

கேசவன் விழுந்து விழுந்து சிரித்தார். "வேற இன்னா ஞாபகம் கீது? சொல்லு மச்சான்."

ராமதாஸ் சொல்லிக்கொண்டே போனார். ஆண்டு விழா நாடகத்தில் கேசவன் திரௌபதி வேஷம் போட்டது, மேடையில் சவுரி கழன்று விழுந்தது, தலைமையாசிரியர் அதைப் பாம்பு என்று நினைத்து நாற்காலி மேல் ஏறியது. தேதி, கிழமையோடு வந்தது எல்லாம்.

சந்திரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றரை வருடமாக இப்படிச் சிரித்துப் பேசும் புருஷனை அவள் பார்க்கவில்லை. சட்டியிலிருந்த இரண்டு துண்டு மீனையும் கேசவன் தட்டிலேயே வைத்தாள்.

"தெய்வம் மாதிரி வந்தீங்கண்ணே. அடிக்கடி வாங்க. பழசெல்லாம் திரும்புதுன்னா அவரு பொழச்சிக்குவாரு."

அடுத்த மாதம் கோர்ட்டில் இன்ஷூரன்ஸ் தரப்பு சாட்சியைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியவரைப் பார்த்ததும் சந்திரம்மா எழுந்துவிட்டாள்.

"அடப்பாவி! சிநேகிதனாட்டம் வந்து மீன் தின்னுட்டுப் போனியே! வேவு பார்க்கவா வந்தே?"

"சத்தம் போடக் கூடாதும்மா" என்று டவாலி அதட்டினார்.

ராமதாஸ் அவள் முந்தானையை இழுத்தார். "யாரும்மா அந்த ஆளு? எதுக்கு அவர வையறே?"

கேசவன் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விசாரணை ஆள். கம்பெனி வக்கீல் ஜானகிராமன் சிரித்த முகத்தோடு கேட்டார். "ராமதாஸோட ஞாபகசக்தி எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம் சார். முப்பது வருஷத்துக்கு முந்தின பள்ளிக்கூட விஷயத்தைக்கூட புட்டுப் புட்டு வெச்சாரு. வாத்தியார், ஏரி, நாடகம், ஒண்ணு விடல. ஒரு இடத்துலகூட தடுமாறல."

"இவருக்குத்தான் மூளையில அடியாம், ஐயா!" ஜானகிராமன் நீதிபதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சந்திரம்மா தன் வக்கீல் ரெஜினாவின் காதருகே குனிந்தாள். "மேடம், நானே சோறு போட்டு நானே கேஸைக் கெடுத்துட்டேனே! இனிமே நான் அவர வெச்சிகினு இன்னா பண்ணுவேன்?"

"செத்த இரும்மா" என்று ரெஜினா எழுந்தார்.

"கேசவன், அவர் சொன்னதெல்லாம் நீங்க காதால கேட்டதுதானே?"

"ஆமாங்க மேடம். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கல."

"சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ராமதாஸைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

கேசவன் ஜானகிராமனைப் பார்த்தார். ஜானகிராமன் ஃபைலைப் பார்த்தார்.

"சத்தியப் பிரமாணம் எடுத்திருக்கீங்க. பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"பார்த்ததே இல்லைங்க ஐயா. நான் படிச்சது வேலூர்ல. எட்டாங்கிளாஸ்னு சும்மா ஒரு பேச்சு போட்டு வெச்சேன், மீதியெல்லாம் அவராத்தான் சொன்னாரு."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி பேனாவை நிறுத்தினார்; நடக்கவே நடக்காததையெல்லாம் அத்தனை சந்தோஷமாக ஞாபகம் வைத்திருந்த மனிதரை அப்போதுதான் முதன்முதலாக நன்றாகப் பார்த்தார்.