லேசான டப்பா

"அண்ணே, மத்த எதுல வேணா குறைச்சுக்குங்க. பவர் சப்ளையில மட்டும் குறைக்காதீங்க."

கம்ப்யூட்டர் கடையில் வைத்து சின்ன மாப்பிள்ளை இப்படிச் சொன்னதும் பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. இவர் அக்காவைக் கட்டியவர், அவன் தங்கையைக் கட்டியவன். தன்னிடம் இருப்பதைவிட ஒரு படி மேலான கிராஃபிக்ஸ் கார்டை சகலை வாங்கிவிடுவாரோ என்று அவனுக்குப் பொறாமை, வேறென்ன? கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற வெறும் டப்பா அந்தப் பவர் சப்ளை, அதற்குச் செலவு பண்ண வைத்துவிட்டால் கார்டுக்குக் கையைக் கடிக்குமே! இப்படித்தான் பெரிய மாப்பிள்ளையின் புத்தி போயிற்று.

உண்மையில் பொறாமை யாருக்கு என்பது குடும்பத்துக்கே தெரியும். சின்ன மாப்பிள்ளை வீட்டில், அவனே ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டிய கேமிங் கம்ப்யூட்டர் இருந்தது. பெரிய மாப்பிள்ளையின் ஒரே மகள் பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கேதான். வீட்டுக்கு வந்தாலும் வாயைத் திறந்தால் சித்தப்பா புராணம்தான். பெற்ற அப்பனுக்குப் பொறுக்குமா? அதைவிட உசத்தியாக ஒன்றைச் செய்து மகளை வீட்டோடு உட்கார வைத்துவிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

கார்டை உசத்தியாகவே வாங்கினார். பவர் சப்ளை மட்டும் பேர் தெரியாத ஏதோ கம்பெனி. அட்டையில் வாட் எண்ணைப் பெரிசாக அச்சடித்திருந்தது, அது போதாதா?

சின்ன மாப்பிள்ளை கையில் தூக்கிப் பார்த்தான். "ரொம்ப லேசா இருக்கேண்ணே, உள்ளே சரக்கு இல்ல போல" என்றான்.

"தூக்கிப் பிடிச்சிக்கிட்டா விளையாடப் போறோம்?" என்று அவன் வாயை அடைத்துவிட்டார்.

பூட்டத்தான் இவருக்குத் தெரியாதே. வேண்டாவெறுப்பாக அவனையே கூப்பிட்டார். அவன் ஹாலில் உட்கார்ந்து வேலை செய்ய, மகள் பக்கத்தில் இருந்து பார்க்க, இவர் பால்கனியில் நின்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு கார்டின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். நடுவில் அவன், ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட்டேன் என்று வீட்டுக்கு ஓடி, ஒரு பையோடு திரும்பி வந்தான். இந்த லட்சணத்துல எனக்கு யோசனை சொல்ல வந்துட்டான் என்று மனைவியிடம் நொடித்தார்.

ஆனால் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. மகள் சித்தப்பா வீட்டுக்குப் போவது நின்றது. பெரிய மாப்பிள்ளைக்கு மனசு குளிர்ந்தது. இருந்தும் ஒரு குறை. சகலையின் முகம் வாடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கே அவனுடைய கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடந்தது.

"நீங்க பயமுறுத்தின அதே டப்பாதான் சகலை. ஒரு குறையும் இல்லாம ஓடுது."

"சந்தோஷம்ணே. இருங்க, டீ போட்டுட்டு வர்றேன்" என்று அவன் உள்ளே போனான்.

என் பொண்ணு வரலைன்னதும் மூடியே வெச்சுட்டான் பாரு, பொறாமை பிடிச்சவன் என்று முணுமுணுத்துக்கொண்டே துணியை விலக்கினார். பெட்டியின் பக்கவாட்டு மூடி கழன்றிருந்தது. உள்ளே பவர் சப்ளை இருக்க வேண்டிய இடம் காலி.

மேசைக்கடியில் எட்டிப் பார்த்தார். பேர் தெரியாத கம்பெனியின் பவர் சப்ளை கிடந்தது. கையில் எடுத்தார். லேசாக இருந்தது. ஒரு ஓரம் கருகியிருந்தது.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கம்ப்யூட்டர்ல மாட்டுறதுக்கு முன்னாடி அதைத் தனியா ஓட்டிப் பார்த்தாருப்பா. புகைஞ்சிடுச்சு. வீட்டுக்குப் போய் தன்னோடதைக் கழட்டிட்டு வந்து நமக்கு மாட்டினாரு."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சித்தப்பாதான் வேண்டாம்னாரு. 'உங்கப்பா ரோஷக்காரரு, தெரிஞ்சா அப்பவே கழட்டிக் குடுத்துடுவாரு. அப்புறம் நீ மறுபடி இங்கேயே வந்துடுவே. பாவம், உன்னை வீட்டுல உக்கார வைக்கத்தானே இவ்வளவும் வாங்கினாரு'ன்னு சொன்னாருப்பா."