எந்தக் கரை எறிகாரன்?

ஆற்றின் இரு கரையிலும் இரண்டு குரங்குக் கூட்டங்கள். பாறைமேல் நின்று ஒருவன் விளாங்காயை எறிவான். நடுத்திட்டில் ஓடும் அவன் கூட்டாளி அதைப் பிடிப்பான். அதுதான் அவர்கள் ஆட்டம்.

எல்லாக் காலத்துக்கும் சிறந்த எறிகாரன் எந்தக் கரையோ, திட்டிலுள்ள அத்திமரம் அந்தக் கரைக்கு என்று பேச்சாயிற்று. தீர்ப்புச் சொல்ல அணிலாரை அழைத்தார்கள்.

"செத்துப்போன எங்கள் கட்டையன்தான்!" என்றார் கீழ்க்கரைக் கிழவர். "அவன் எறியும்போதே எதிரிகள் பாய்ந்து ஆற்றில் தள்ளுவார்கள். இப்போது எறிகிறவனைத் தொடவே கூடாதாமே! மேல்கரையார் மெச்சும் செம்பன், மாப்பிள்ளை மாதிரி நின்று எறிகிறான்."

அணிலாருக்கு ஆவல் தாங்கவில்லை. "செம்பா, பழைய வழக்கப்படி ஒரு தடவை எறிந்து காட்டுகிறாயா?"

"அதற்கென்ன அண்ணே, வரச் சொல்லுங்கள்."

செம்பன் பாறையில் ஏறியதும் கீழ்க்கரையார் நான்கு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். தொபுக்கடீரென்று ஆற்றில் விழுந்தான். ஆனால் விழுமுன் அவன் எறிந்த விளாங்காய், திட்டில் ஓடிய கூட்டாளியின் கையில் போய் உட்கார்ந்தது.

அணிலார் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தார்.

"கொஞ்சம் பொறும்," என்றார் கிழவர். "கட்டையன் காலத்தில் தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும்."

அணிலார் யோசித்தபடியே வாலை ஆற்றில் விட்டுப் பார்த்தார்.