இன்னொரு கன்சோல்

அண்ணன் மாதவன் எந்த வீடியோ கேமையும் டிஸ்க்காக வாங்கியதில்லை. எல்லாம் அவனுடைய அக்கவுண்ட்டில்தான் இருந்தன. அரியமங்கலத்துப் பட்டறையிலிருந்து ஆறு மணிக்கு ஸ்ரீரங்கம் வந்ததும் கார் பந்தயம் விளையாட உட்கார்ந்துவிடுவான்.

பங்குனியில் லாரி மோதி இறந்துபோனான். ஓயாமரி சுடுகாட்டில் எரித்தார்கள். பிறகு அவனுடைய அக்கவுண்ட்டில் நான் விளையாடினேன்.

தினமும் ஆறு மணிக்கு என் ஆட்டம் நின்றுவிடும். இதே கேம் வேறொரு கன்சோலில் ஓடுகிறது, அங்கே நிறுத்திவிட்டு இங்கே தொடரவா என்று திரையில் கேட்கும். பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாளும் கேட்டது.

அம்மாவுக்குப் படித்துச் சொல்லிவிட்டு, தொடரலாம் என்று அழுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எடுத்தா அவனுக்கு நின்னுபோயிடும்ல. விட்டுடு."

அதனால் பழைய டிஸ்க் விற்கும் ரெங்கராஜ் கடைக்குப் போனேன்.

"அக்கவுண்ட்லயே இருக்குங்கிற. அப்புறம் டிஸ்க் எதுக்கும்மா?" என்றார்.

"அதுல அண்ணன் விளையாடுதுங்க."

"வீட்டுக்கு வீடு இதே சண்டைதான்" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

என் பெயரில் புது அக்கவுண்ட் தொடங்கி, டிஸ்க்கைப் போட்டு விளையாடினேன். அன்று ஆறு மணிக்கு ஆட்டம் நிற்கவில்லை. ஆறு பத்துக்குத் திரையின் ஓரத்தில் அண்ணன் பெயர் வந்தது. சேர்ந்து விளையாட என்னைக் கூப்பிட்டிருந்தான்.

அம்மாவுக்கு அதையும் படித்துச் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

"சாப்பிட்டானான்னு கேளு" என்றாள்.