பின்திரை நகராத கணம்

ஒரு கேமராவின் ஷட்டரில் முன்திரை, பின்திரை என்று அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்கா இறங்கி வெளிச்சத்துக்கு வழிவிடுவாள். தங்கை பின்னாலேயே ஓடிவந்து அடைப்பாள். உள்ளே படம் பதியும் சில்லு வெளிச்சத்தில் கருகிப்போகும் என்று தங்கைக்கு எப்போதும் பயம். அதனால் அக்கா முழுவதும் இறங்குவதற்குள்ளேயே கிளம்பிவிடும் வேகமான ஓட்டம்தான் அவளுக்குப் பிடிக்கும்.

அன்றைக்கு ஒரு தாய், பத்து நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தில் தாயின் முகம் நன்றாக விழுந்தது. மடி இருந்த இடத்தில் கறுப்பு. போட்டோக்காரர் தூரத்தில் ஸ்டாண்டில் நின்ற பிளாஷை மூன்று முறை நகர்த்திப் பார்த்தார். மூன்று முறையும் படத்தில் குழந்தையைக் காணோம். மடியிலோ அது அழத் தயாராகிக்கொண்டிருந்தது.

"என்னை ஏன் அலைக்கழிக்கிறாங்க?" என்று கத்தினான் பிளாஷ். "கண்ணிமைக்கிறதுக்குள்ள வந்துட்டுப் போறவன் நான். அதுக்குள்ள பாதிக் கதவைச் சாத்திடுறியே, தங்கச்சி!"

போட்டோக்காரருக்கும் அது பிடிபட்டிருக்க வேண்டும். ஷட்டர் வேகத்தைக் குறைத்தார்.

"இவ்வளவு நேரமா திறந்து வைக்கிறது? அக்கா, சில்லு கருகிடும்."

"கருகாது. நகராதே."

அக்கா முழுவதும் இறங்கினாள். தங்கை நின்றாள். வெளிச்சம் வந்தது, சத்தமே இல்லாமல், வாசல் கொள்ளாமல். ஒன்றும் கருகவில்லை. அது போன பிறகுதான் தங்கை இறங்கி அடைத்தாள்.

சில்லில் விழுந்த படத்தை அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, பயந்துட்டியா?"

"அக்கா," என்றாள் தங்கை, "குழந்தைக்கு நகம்கூட இருக்கு."