முள் அசையவில்லை

பாட்டில் பாஸ் அடி விழும்போதெல்லாம் காரின் முன்விளக்கு கண்ணைச் சிமிட்டியது.

மருந்துக்கடைக்காரர் அந்தக் காரை முதலில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது அதுதான் நிலைமை. டிக்கியை அடைத்துக்கொண்டு இரண்டு பெரிய வூஃபர்கள், பக்கத்தில் ஒரு ராட்சச ஆம்ப்ளிஃபயர். பாட்டு சூடுபிடிக்கும் நேரமாகப் பார்த்து ஆம்பில் சிவப்பு விளக்கு எரியும். எல்லாம் கப்சிப்.

வேறு எங்கேயோ மாட்டியது. மாட்டிய மகராசன் நன்றாக இருக்கட்டும்.

கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. பேட்டரியின் எர்த் வயரை வண்டியின் தகட்டில் முடுக்கிய இடத்தில், பெயிண்டைச் சுரண்டாமலே போல்ட்டைப் போட்டிருந்தார்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் வோல்ட்டேஜ் முழுசாக ஆம்புக்குப் போய்ச் சேரவில்லை. உப்புத்தாள் வைத்து இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். இறுக்கினேன். முன்விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியது. மீட்டரின் முள் பதினான்கு வோல்ட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அத்தோடு வண்டியை அனுப்பியிருக்க வேண்டும். என் காது ஒப்புக்கொள்ளவில்லை.

பாட்டு தொடங்கும்போது பாஸ் நெஞ்சில் இடிக்கிறது. கொஞ்ச நேரம் போனதும் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடுகிறது. முள் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அதே இடத்தில் நிற்கிறது.

வயர்களைத் தடிமனாக மாற்றினேன். இரண்டாவது பேட்டரி வைத்தேன். ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்துத் திரும்ப மாட்டினேன். எல்லாம் சரி. பாஸ் மட்டும் இறங்குகிறது.

"போதும்ணே, நல்லாத்தான் கேக்குது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மாத்திரை விற்கிறவருக்கு பாஸைப் பற்றி என்ன தெரியும்? சிரித்துக்கொண்டே சாவியைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

நாளை மறுநாள் கார் ஆடியோ போட்டி. தோற்றால் அவருக்கு ஒரு கோப்பை போகும். எனக்குப் பெயர் போகும். மீட்டர் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. என்னைத் தேடி வருகிறவர்கள் என் காதுக்காக வருகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, இடப்பக்கக் கதவில் ஒரு ஸ்க்ரூ லூஸ் என்று சொல்லிவிடுவேன். இந்தக் காதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

சாப்பிடும்போதும் இதே நினைப்பு. மனைவி ஏதோ கேட்டாள்போல. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நல்லவேளை, இப்போதெல்லாம் அவள் முன்போலச் சத்தம் போடுவதில்லை. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்!

இன்று மருந்துக்கடைக்காரரையே வண்டிக்குள் உட்காரவைத்து, பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, நான் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மீட்டரின் இரண்டு முனைகளும் ஆம்பின் மேல். கண் முள்ளின் மேல்.

பாஸ் இடித்தது. முள் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பாழாய்ப்போன பாஸ் இறங்கத் தொடங்கியது. முள் அசையவில்லை.

"இன்னும் ஏத்துங்க!" என்று கத்தினேன்.

ஏற்றியதாகத் தெரியவில்லை. மறுபடி கத்தினேன். மனுஷன் ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்று பயப்படுகிறார்போல. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் ஒரு வண்டி என்னை இப்படிக் கையைக் கட்டி நிறுத்தியதில்லை. எதைத் தொடுவது, எதை விடுவது? தொடுவதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

டிக்கியின் விளிம்பில் வைத்திருந்த ஸ்பேனர் தானாக நகர்ந்தது.

எறும்பு இழுப்பதுபோலத் துள்ளித் துள்ளி ஓரத்துக்கு வந்தது. சிமெண்ட் தரையில் விழுந்தது. விழுந்ததைப் பார்த்தேன்.

பார்த்தேன், அவ்வளவுதான்.

நிமிர்ந்தேன். டிரைவர் சீட் காலி. கதவு விரியத் திறந்து கிடந்தது. மருந்துக்கடைக்காரர் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றிருந்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்கிப் பொத்தியிருந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. எதிர்க்கடைத் தையல்காரர் தைப்பதை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

கையை வூஃபரின் மேல் வைத்தேன். முழங்கைவரை உதறியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் முழுசாக, ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் விழுந்துகொண்டிருந்தது.

வண்டியில் எதுவும் இறங்கவில்லை. முதல் நாள் நான் பெயிண்டைச் சுரண்டியதிலிருந்தே எதுவும் இறங்கவில்லை.

பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

போய் எல்லாவற்றையும் நிறுத்தினேன். தலைக்குள் நீளமாக ஒரு விசில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மருந்துக்கடைக்காரர் தெருவைத் தாண்டி ஓடிவந்தார். உதடுகள் அசைந்தன. ஏதோ கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரித்தேன். தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"எர்த்துல இன்னும் சின்னக் கோளாறு இருக்கு. வண்டிய விட்டுட்டுப் போங்க, நாளைக்குப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

கத்திச் சொன்னேனா, மெல்லச் சொன்னேனா, எனக்குத் தெரியவில்லை.