எதிர் மேசை

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், ஒரு சின்ன நீதிமன்றத்தில் இரும்பு அடுப்பு முனகிக்கொண்டிருக்கிறது. பூட்ஸ்களில் ஒட்டி வந்த மார்ச் மாதச் சேறு பலகைத் தரையில் காய்கிறது. இன்று வழக்கு எதுவும் இல்லை. இறந்துபோன வக்கீல் ஆல்வின் ஹேஸ்கலுக்கு இரங்கல் தீர்மானம் வாசித்து, அதை நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றுவதற்காகச் சக வக்கீல்கள் கூடியிருக்கிறார்கள். எதிர் மேசையில் அவருடைய நாற்காலிமேல் கறுப்புத் துணி போர்த்தியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் அதன் கால்வரை வந்து நின்றுவிடுகிறது. முப்பது வருடம் எதிர்த்தரப்பு வக்கீலாக அவரோடு மல்லுக்கட்டிய எலிஹு டிரம்மண்ட் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். குமாஸ்தா வாசிக்கிறார்: “மூன்று முறை சட்டமன்றம் சென்றவர். மனைவியின் சொத்து மனைவிக்கே என்ற சட்டத்துக்காக வாதாடியவர். ஒருபோதும் நிதானம் இழக்காதவர்.”

“யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” நீதிபதி சடங்குக்குக் கேட்கிறார்.

“இருக்கு ஐயா.” டிரம்மண்ட் எழுகிறார். “நிதானமா? அந்தச் சட்டத்தை நான் எதிர்த்துப் பேசினப்ப, சட்டசபையிலயே மைக்கூட்டைத் தூக்கி என் மேல எறிஞ்சான் ஐயா அந்த மனுஷன்! இதோ, இந்தக் கோட்டுல கறை இன்னும் போகல. அதையும் எழுதச் சொல்லுங்க. இல்லாட்டி இது வேற யாரோ ஆளு.”

குமாஸ்தாவின் பேனா நுனியில் மை திரண்டு நிற்கிறது. பேசி முடித்த டிரம்மண்ட், பழக்கதோஷத்தில் எதிர் மேசைப் பக்கம் திரும்புகிறார். அங்கிருந்து வரும் பதிலைக் கேட்காமல் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நின்றுகொண்டே இருக்கிறார்.