கத்திரி வைக்கும் நேரம்

தையல்கடைக் கணினியின் திரையில் வெயில் அடிக்காதபடி, தையல்காரர் ஜன்னலோரம் ஒரு கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கை கடுக்கிறது, இறக்க மனம் வரவில்லை. பதினோரு வருடமாக அவர் வரைந்து சேர்த்த பூவேலை டிசைன்கள் உள்ளே இருக்கும் பழைய விண்டோஸில்தான் திறக்கும். அதைத் தொடாமல், பக்கத்திலேயே லினக்ஸ் என்ற புது இயங்குதளத்தையும் ஏற்றுகிறாள் மருமகள். டிசைன்களுக்கு நகல் எடுத்தாயிற்று. ஆனாலும் அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையில் இரண்டு வரிகள்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்று என்று ஒன்று, பழையதன் பக்கத்தில் ஏற்று என்று மற்றொன்று. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாவது வரியை வாய்விட்டுப் படிக்கிறாள். புதியதற்கு ஒதுக்கும் இடத்தின் அளவைக் காகிதத்தில் குறித்ததோடு இரண்டு தடவை ஒத்துப் பார்க்கிறாள். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தபடி அவர் துணியை வெட்டுமுன் நிற்பாரே, அதே நிதானம்.

"அண்ணே, என் சட்டை..." என்று வாசலில் ஒருவர் ஆரம்பிக்கிறார். "கொஞ்சம் பேசாம இருங்க. கத்திரி வைக்கிற நேரம்," என்கிறார் தையல்காரர். வந்தவர் வெறும் மேசையைப் பார்த்து விழிக்கிறார். அவள் அழுத்துகிறாள். நீலக்கோடு ஊர்ந்து முடிகிறது. கணினி அணைந்து எழுகிறது. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெயர்கள்: லினக்ஸ், விண்டோஸ். அவள் பழையதைத்தான் திறக்கிறாள். "புதுசு எங்க ஓடிடப் போகுது மாமா? முதல்ல உங்க பூவைப் பாத்துடலாம்." அவர் வரைந்த பூங்கொடி ஓர் இதழ்கூடக் குறையாமல் விரிகிறது. அப்போதுதான் அவர் கையை இறக்குகிறார். வெயில் பாய்ந்து திரையெல்லாம் வெளுத்துப்போகிறது, இருவரும் சிரிக்கிறார்கள். வாசலில் நிற்பவர் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.